தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க பைக்கில் சுற்றும் வேலை: எந்த சிம், எந்த ஃபோன்?

அரூர் டூ ஓசூர் (கேள்வி)

வணக்கம். சொட்டுநீர்ப் பாசன கம்பெனியில் ஃபீல்டு வேலை. திங்கள் ஓசூர், சூளகிரி. செவ்வாய் ராயக்கோட்டை, கெலமங்கலம். புதன் தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி. வியாழன் பென்னாகரம், ஏரியூர், சில வாரம் ஒகேனக்கல் வரை. வெள்ளி அரூர், கோட்டப்பட்டி, தீர்த்தமலைப் பக்கம்.

ஃபோனில் நடக்க வேண்டிய வேலைகள்: காலை, மாலை ஜிபிஎஸ் அட்டென்டன்ஸ் ஆப். தோட்டத்தில் நின்றபடியே ஜியோடேக் போட்டோ (இடமும் சேர்ந்து பதிவாகும் போட்டோ). விவசாயிக்கு வரும் ஓடிபியை வாங்கி உள்ளே போடுவது. க்யூஆரில் பணம் வாங்குவது. இது போக நாள் முழுக்க கால். மாசத்துக்கு ரெண்டு முறை பெங்களூரு போக வேண்டும்.

இப்போது ஒரே சிம், நாலு வருஷப் பழைய ஃபோன். பட்ஜெட் 20,000 ரூபாய்க்குள். எந்த மாடல் வாங்கலாம், நம்பர் மாறாமல் எந்த கம்பெனி சிம்முக்கு போர்ட் ஆகலாம்? 5ஜி அவசியமா?

தொப்பூர் கணவாய்

ஃபோன் அப்புறம். முதலில் சிம்மை முடிவு பண்ணுங்க. டவர் இல்லாத இடத்தில் இருபதாயிரம் ரூபாய் ஃபோனும் ஐம்பதாயிரம் ரூபாய் ஃபோனும் ஒன்றுதான்.

"எந்த கம்பெனி நல்லா இருக்கு" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும், எல்லாமே அவரவர் வீட்டு மொட்டை மாடியில் பார்த்த சிக்னலை வைத்துச் சொல்வது. உங்க வாரத்தில் ஓசூர், சூளகிரி ஒரு ரகம்: டவர் நிறைய, கூட்டமும் நிறைய. அஞ்செட்டி காட்டு ரோடு, ஒகேனக்கல் இறங்கும் மலை ரோடு, கோட்டப்பட்டியில் சித்தேரி மலை ஓரம், இந்த மூன்றும் முற்றிலும் வேறு ரகம். அங்கே டவர் தூரம், நடுவில் மலை. இந்த மாதிரி இடத்தில் கம்பெனி பெயரைவிட அலைவரிசைதான் பேசும்.

அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண் சின்னதாக இருந்தால் சிக்னல் தூரம் போகும், மரம், சுவர், மேடு தாண்டியும் ஓரளவு கிடைக்கும். எண் பெரிதானால் வேகம் கூடும், ஆனால் ஒரு கரடு குறுக்கே வந்தால் போச்சு. ஜியோ 4ஜியில் தூரம் போவது 850 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 5. ஏர்டெல்லுக்கும் வி-க்கும் (வோடஃபோன் ஐடியா) 900, பேண்ட் 8. பிஎஸ்என்எல் 4ஜியில் 700, பேண்ட் 28; கூடவே 2100, பேண்ட் 1. ஊருக்குள் வேகம் கொடுக்கும் 2300, பேண்ட் 40, ஜியோவிடமும் ஏர்டெல்லிடமும் உண்டு. அஞ்செட்டி வளைவில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது யாரும் யோசிக்காத விஷயம்: ரெண்டு சிம் வாங்கும்போது ரெண்டும் ஒரே கம்பத்தில் தொங்குதா என்று பாருங்க. ஏர்டெல், வி ரெண்டின் ஆன்டெனாவும் பல ஊரில் இண்டஸ் டவர்ஸ் கம்பெனியின் ஒரே கம்பத்தில்தான் இருக்கும். கிராமத்தில் நீண்ட நேரம் கரண்ட் போய் டவர் பேட்டரியும் தீர்ந்தால் ரெண்டும் ஒரே நிமிஷத்தில் சாகும். ஜியோவுக்குப் பெரும்பாலும் தனிக் கம்பம், பிஎஸ்என்எல்லுக்குச் சொந்தக் கம்பம். அதனால் ஏர்டெல் + வி ஜோடி என்பது என் கணக்கில் ரெண்டு சிம் இல்லை, ஒன்றரை சிம். ஜியோ + ஏர்டெல், ஏர்டெல் + பிஎஸ்என்எல், ஜியோ + வி, இப்படி ஏதாவது ஒன்றை எடுங்க.

எந்த ஜோடி என்பதை உங்க ரூட்தான் சொல்லணும். செய்ய வேண்டியது இது:

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் இருக்கும். 4ஜியில் -85 அல்லது அதைவிட மேல் (-80, -75 என்று பூஜ்யத்தை நெருங்கினால்) அருமை. -100 சுமார். -110க்குக் கீழே போனால் கால் ஓடும், போட்டோ ஏறாது. -120 பக்கம் வந்தால் கால் நடுவிலேயே அறுந்துவிடும். மேலே தெரியும் கோடுகளை நம்பாதீங்க. ஒரே -105க்கு ஒரு ஃபோன் மூணு கோடு காட்டும், இன்னொன்று ஒன்று காட்டும்.

டயலரில் *#*#4636#*#* அடித்தாலும் பல ஃபோனில் இந்த எண் வரும். சாம்சங் என்றால் *#0011#, அதில் எந்தப் பேண்ட் பிடித்திருக்கிறது என்பதும் தெரியும்.

நண்பர், சொந்தக்காரரிடம் இருக்கும் வேற கம்பெனி சிம்மை ஒரு வாரம் வாங்கிப் பழைய ஃபோனில் போட்டு எடுத்துப் போங்க. தினமும் நிற்கும் எட்டுப் பத்து இடத்தில் எண்ணைக் குறிங்க. தோட்டத்துக்கு உள்ளே குறிக்கணும், டீக்கடையில் இல்லை. நீங்க போட்டோ ஏற்றப் போவது தோட்டத்தில். காலை 11 மணிக்கு ஒன்று, மாலை 7 மணிக்கு ஒன்று. சிக்னல் எண் ஒன்றாகவே இருந்து மாலையில் மட்டும் நெட் இழுத்தால் அது கூட்டம், கவரேஜ் குறை இல்லை. ஆடிப் பெருக்கன்று ஒகேனக்கல்லில் கோடு முழுசா இருந்தும் ஒரு வாட்ஸ்அப் போகாதே, அதே கதைதான்.

டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவுப்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் வெப்சைட்டில் 2ஜி, 4ஜி, 5ஜி தனித்தனியாக கவரேஜ் மேப் போட்டிருக்கிறது. முதல் வடிகட்டலுக்கு அது போதும். ஆனால் மேப்பில் பச்சை என்பது வெட்டவெளிக் கணக்கு, மாந்தோப்புக்குள் நிற்பவருக்கு இல்லை.

சிப்காட் ஷிஃப்ட்

தொப்பூரார் சொன்னது காட்டுக்குச் சரி. ஓசூர் சிப்காட்டுக்கு இன்னொன்று சேர்த்துக்கணும். தகர ஷெட் போட்ட ஃபேக்டரிக்குள்ள எந்த சிம்மும் திணறும், வெளியே -80 இருக்கிற இடத்தில் உள்ளே -115 ஆகும். அதுக்கு மருந்து வைஃபை காலிங், டவருக்குப் பதிலா அங்க இருக்கிற வைஃபை வழியா கால் போகும். ஜியோ, ஏர்டெல் ரெண்டுலயும் தனிக் காசு கிடையாது, செட்டிங்ஸ்ல சிம்முக்குச் சிம் ஆன் பண்ணணும். வைஃபை கிடைச்சும் வைஃபை காலிங் குறி வரலைன்னா அங்க ஃபயர்வால்ல யுடிபி 500, 4500 ரெண்டு போர்ட்டையும் அடைச்சிருப்பாங்க. ஐடி ஆள்கிட்ட இந்த ரெண்டு நம்பரையும் சொல்லிக் கேளுங்க, புரிஞ்சுக்குவார்.

5ஜி: ஓசூர்லயும் பெங்களூருலயும் நல்ல வேகம். மலை ஓரத்தில் அதை ஆஃப் பண்ணி 4ஜியில் வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். 5ஜி முக்கியமா ஓடுறது 3300 மெகாஹெர்ட்ஸ்ல, அது சீக்கிரம் மறையும். அரைகுறையா வந்து போகிற இடத்தில் ஃபோன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவி பேட்டரியைத் தின்னும். ஜியோ 700லயும் 5ஜி வச்சிருக்கு, அது கொஞ்சம் தூரம் போகும். அப்பவும் ஒரு போட்டோ, ஒரு ஓடிபிக்கு 4ஜி தாராளம். 5ஜிக்காகன்னு ஒரு ரூபாய்கூட அதிகம் போடாதீங்க. இந்த விலையில் அது தானாகவே வரும்.

அப்புறம் பார்டர் தொல்லை. ஓசூர், பாகலூர், தளி, பேரிகை பக்கம் கர்நாடக டவர் பிடிக்கும். வேப்பனப்பள்ளியில் ஆந்திரா. ஒகேனக்கல்ல ஆத்துக்கு அக்கரை கர்நாடகா. கம்பெனி ஒண்ணே ஆனாலும் சர்க்கிள் (டெலிகாம் கணக்குக்குப் பிரிச்ச பகுதி) மாறுது, ஃபோன் அதை ரோமிங்னு எடுத்துக்கும். டேட்டா ரோமிங் ஆஃப்ல இருந்தா சிக்னல் முழுசா இருக்கும், கால் போகும், நெட் மட்டும் செத்துடும். "ஓசூர்ல என் நெட்டு விட்டு விட்டு வருது"ன்னு புலம்புறதுல பாதி இதுதான்.

அரூர் டூ ஓசூர்

டேட்டா ரோமிங் ஆன் பண்ணினால் பில் ஏறாதா? ஆன் பண்ணும்போதே கட்டணம் வரலாம் என்று பயமுறுத்துகிறதே. இன்னொன்று: ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு நம்பருக்குக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருமாமே. கஸ்டமர் கோபித்துக்கொள்வார்கள்.

ராயக்கோட்டை தக்காளி

ரோமிங்: அந்த எச்சரிக்கை எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஃபோன் கம்பெனி எழுதி வைத்தது. உங்க அன்லிமிடெட் பேக்கில் நேஷனல் ரோமிங் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வரி பாருங்க, பெரும்பாலான பேக்கில் இருக்கும். இருந்தால் பெங்களூருவிலும் அதே டேட்டாதான் கழியும், தனி பில் இல்லை. ஆன் பண்ணி அப்படியே விட்டுவிடுங்க. வெளிநாடு போகும்போது மட்டும் ஆஃப்.

நெட்வொர்க் தேர்வை எப்பவும் ஆட்டோமேட்டிக்கில் வையுங்க. ஓசூரில் தமிழ்நாடு டவரைத்தான் பிடிக்கணும் என்று மேனுவலாகப் பூட்டி வைப்பவர்கள் அஞ்செட்டிப் பக்கம் போய் சிக்னல் இல்லை என்பார்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கு. அரசு நிதியில் எழுப்பிய கிராமத்து 4ஜி டவர்களில் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றின் சிம்மும் ஒன்றின் டவரை இன்னொன்று பயன்படுத்த 2025 ஜனவரியில் வழி திறந்துவிட்டார்கள். அதுவும் ஆட்டோமேட்டிக்கில் இருந்தால்தான் வேலை செய்யும்.

ரெண்டாவது கேள்வி நியாயமானது. இந்த விலை ஃபோனில் சிம் ரெண்டு இருந்தாலும் ரேடியோ ஒன்றுதான். ரெண்டும் காத்திருக்கும், ஒன்று பேச ஆரம்பித்ததும் மற்றது ஊமை. வழி ரெண்டு.

ஒன்று, சில ஃபோனில் பேசாத சிம்மின் காலை, பேசும் சிம்மின் டேட்டா வழியாக உள்ளே விடும் வசதி உண்டு. பேக்கப் காலிங், ஸ்மார்ட் கால் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரெண்டு சிம்மிலும் வைஃபை காலிங் ஆன் இருக்கணும். வாங்கும் முன்பே கடையில் ரெண்டு சிம்மையும் போட்டுச் சோதிச்சுடுங்க.

ரெண்டு, கால் ஃபார்வர்டிங். கஸ்டமருக்குக் கொடுத்த நம்பருக்கு மட்டும், ஃபோன் ஆப்பின் செட்டிங்ஸில் காலிங் அக்கவுண்ட்ஸ் போய் அந்த சிம்மைத் தட்டி, கால் ஃபார்வர்டிங்கில் "கிடைக்காதபோது" என்ற வரியில் மற்ற சிம் நம்பரைப் போடுங்க. "எப்போதும்" என்ற வரியைத் தொடக் கூடாது. அஞ்செட்டி ரோட்டில் முதல் சிம் செத்தாலும் ரெண்டாவதுக்குக் கால் வந்துவிடும், இந்த ஒரு காரணத்துக்கே செய்யலாம். ரெண்டாவது சிம்மை முதல் சிம்முக்குத் திருப்பி விடாதீங்க, ரெண்டும் ஒன்றை ஒன்று துரத்தும். அதை ஆபீஸ் நம்பருக்குத் திருப்புங்க. திருப்பி விட்ட கால் உங்க சிம்மிலிருந்து போன அவுட்கோயிங் கணக்கு, அன்லிமிடெட் பேக் இருந்தால் கவலையில்லை.

யூடியூபில் இதற்கு ஸ்டார் 401 என்று ஆரம்பிக்கிற கோடு சொல்வார்கள். அந்தக் கோடு வழியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லி டெலிகாம் துறை உத்தரவு போட்டது. முகம் தெரியாதவன் கூரியர், கேஒய்சி என்று சொல்லி அதை அடிக்க வைத்து ஓடிபி கால்களைத் திருப்பிக்கொண்டிருந்தான். மெனு வழியாகவே செய்யுங்க.

பாலக்கோடு பஸ்

ஃபோனுக்கு வர்றேன். மாடல் பெயர் சொல்ல மாட்டேன், ஆறு மாசத்தில் அது கடையில் இருக்காது. பெட்டியில், ஸ்பெக்கில் எதைப் பார்க்கணும்னு சொல்றேன்.

பேண்ட் லிஸ்ட்தான் முதல். 4ஜியில் 1, 3, 5, 8, 28, 40, 41 எல்லாம் இருக்கணும். பழைய ஃபோன்கள், வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் ஃபோன்களில் 28 விட்டுப்போயிருக்கும். அப்படி இருந்தால் பிஎஸ்என்எல் 700 உங்களுக்குக் கிடையாது, பக்கத்தில் நிற்பவருக்கு ரெண்டு கோடு இருக்கும், உங்களுக்கு ஒன்றும் இருக்காது. பிஎஸ்என்எல்லில் வோல்ட்இ (4ஜியிலேயே கால் பேசும் வசதி) அந்த மாடலில் ஓடுதா என்பதையும் தனியாகக் கேளுங்க. ஓடலைன்னா கால் வரும்போது 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்கும், மேப்பும் நின்னுடும்.

ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது, எல்லாக் காலும் வோல்ட்இ. அதற்காக மொபைல் டேட்டா எப்பவும் ஆன்ல இருக்கணும்னு ஒரு நம்பிக்கை நம்ம பக்கம் சுத்துது. தேவையில்லை. டேட்டாவை அணைச்சாலும் வோல்ட்இ கால் வரும், அது போகிற பாதை வேறு.

சிம் ட்ரே: ரெண்டு சிம் போட்டால் மெமரி கார்டுக்கு இடம் இருக்காது, பல ஃபோனில் ரெண்டாவது குழி ரெண்டுக்கும் பொது. அதனால் 128 ஜிபிக்குக் கீழ் வேண்டாம். இசிம் (கழற்ற முடியாதபடி ஃபோனுக்குள்ளேயே இருக்கும் சிம்) ஃபேஷனாக இருக்கு, ஃபீல்டு ஆளுக்கு முதல் நம்பரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏரியூர்ல ஃபோன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போனால் சாதா சிம்மைக் கழற்றிப் பக்கத்துக் கடைக்காரர் ஃபோனில் போட்டு நாளை ஓட்டிடலாம். இசிம்மை எதில் போடுவீங்க? ரெண்டாவது நம்பரை வேணும்னா இசிம் ஆக்குங்க. திருடு போனால் கழற்றி எறிய முடியாது என்பது அதில் ஒரு நல்லது.

பேட்டரி 5000 எம்ஏஎச் குறைந்தபட்சம், 6000 இருந்தால் விடாதீங்க. சிக்னல் இல்லாத காட்டில் ஃபோன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி பண்ணும். ஒரு மணி நேரம் காட்டு ரோடுன்னு தெரிஞ்சா ஏரோப்ளேன் மோடில் போட்டுடுங்க. ஜிபிஎஸ் அதிலும் ஓடும், ஜியோடேக் போட்டோ எடுக்கலாம், வெளியே வந்ததும் ஏற்றலாம். ஊருக்குள் வந்தும் நெட் திரும்பலைன்னா அதே மோடை ஒரு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணினால் புது டவரில் ஒட்டிக்கும்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் போதும். அதில் 5000 பேட்டரி ரெண்டு தடவை ஏறும்னு கணக்குப் போடாதீங்க. அந்த 10,000 என்பது 3.7 வோல்ட்டில், அதாவது 37 வாட் அவர். 5 வோல்ட்டுக்கு ஏற்றி, சூடாகப் போகிறது போக ஒன்றரை தடவைதான் நிக்கும். 20,000 வாங்கினால் செங்கல் மாதிரி பையில் தொங்கும்.

வெயில். மே மாசம் ராயக்கோட்டைத் தோட்டத்தில் ஸ்க்ரீன் தெரியணும்னா 1000 நிட்ஸ் வெளிச்சம் வேணும். தூசி, தண்ணி தாங்கும் அளவைச் சொல்லும் ஐபி எண்ணையும் பாருங்க. ஐபி 54 என்றால் சாரல் தாங்கும், மழையில் நனைஞ்சா சொல்ல முடியாது. 67, 68 என்றால் தண்ணித் தொட்டியில் விழுந்தாலும் பிழைக்கும். சொட்டுநீர் ஆளுக்கு ஃபில்டர் கழுவுற வேலை இருக்கும், அதனால் இதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கூடப் போடலாம். கேமரா மெகாபிக்ஸலுக்குப் போடாதீங்க.

பைக் ஹேண்டில்பாரில் ஃபோனை இறுக்கி மாட்டிக்கொண்டு போவது இப்போ எல்லோரும் பண்றது. பைக் என்ஜின் அதிர்வு கேமராவுக்குள் இருக்கும் ஓஐஎஸ் பகுதியை (கை நடுங்கினாலும் போட்டோ மங்காமல் காக்கும் பகுதி) கெடுக்கலாம்னு ஆப்பிள் கம்பெனியே 2021ல் எச்சரித்தது. ஆண்ட்ராய்டில் ஓஐஎஸ் வைத்த ஃபோனிலும் அதே ஸ்ப்ரிங் சமாச்சாரம்தான். கெட்டுப்போனால் போட்டோ ஓரம் மங்கும், கேமரா திறந்ததும் கிர்ருன்னு சத்தம் வரும். மாட்டித்தான் ஆகணும்னா ரப்பர் அதிர்வுத் தாங்கி வச்ச மவுண்ட் வாங்குங்க. ஓஐஎஸ் இல்லாத ஃபோனே இந்த வேலைக்கு நல்லதுன்னு கூட சொல்வேன். காந்த மவுண்ட் வேண்டாம், திசைகாட்டி குழம்பி மேப்பில் அம்புக்குறி பின்னோக்கி நிற்கும்.

கடைசியா, எந்த பிராண்ட் வாங்கினாலும் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ அதன் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இருக்கான்னு பிராண்ட் வெப்சைட்டில் பின்கோடு போட்டுப் பாருங்க. இல்லைன்னா டிஸ்ப்ளே மாற்ற சேலமோ பெங்களூரோ போகணும், அன்றைய வேலை போச்சு.

தொப்பூர் கணவாய்

பஸ் சொன்ன எல்லாம் சரி, ஓஐஎஸ் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. சாயங்கால வெளிச்சத்தில் மீட்டர் ரீடிங், பைப்பில் இருக்கும் நம்பர் போட்டோ எடுப்பவருக்கு ஓஐஎஸ் வேணும். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டு, ஒரு காதில் மட்டும் இயர்பட் வைத்து மேப்பின் குரலைக் கேட்டுப் போனால் மவுண்டே தேவையில்லை.

மொரப்பூர் ஜங்ஷன்

போர்ட் பண்றதைப் பற்றி யாரும் சொல்லலை. அவசரப்பட்டு மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

முதலில் நம்பர் யார் பெயரில்? கம்பெனி கொடுத்த கார்ப்பரேட் சிம் என்றால் நம்பர் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் போர்ட் ஆகாது, வேலையை விட்டால் நம்பரும் அங்கேயே நிற்கும். அந்த நம்பரைப் பேங்க், ஆதார் எதிலும் கொடுத்து வைக்காதீங்க. கஸ்டமர் கையில் இருக்கும் நம்பர் உங்க சொந்தப் பெயரில் இருப்பது நல்லது.

சொந்த நம்பர் என்றால்: இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிஞ்சிருக்கணும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. ஆங்கில எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. திரும்பி வரும் எட்டு எழுத்துக் கோடு நாலு நாள்தான் செல்லும். அதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போகணும். ஒரே சர்க்கிள் என்றால் மூணு வேலை நாள், கர்நாடக நம்பரைத் தமிழ்நாட்டுக்கு மாற்றினால் ஐந்து வேலை நாள். நம்பர் மாறாது. ஓசூரில் கர்நாடக சிம்மோடு பல வருஷம் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பழைய சிம்மைத் தொலைத்து டூப்ளிகேட் வாங்கியிருந்தால் ஏழு நாளைக்கு போர்ட் கோடு வராது. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி. சிம் கடத்தும் மோசடியைத் தடுக்கத்தான்.

இன்னொன்று, இது ஓடிபி வேலை செய்பவர் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்: சிம்மை மாற்றினாலோ, அதே நம்பரை இசிம் ஆக்கினாலோ 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. டூப்ளிகேட் சிம்முக்கும் அப்படித்தான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் மாற்றுங்க, ஞாயிறு அந்த நேரம் கழியட்டும். புதன் காலையில் மாற்றிவிட்டு அஞ்செட்டியில் ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டாம்.

புது ஃபோனில் யுபிஐ ஆப் போடும்போது அது உங்க சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாக அனுப்பும். பேங்கில் கொடுத்த நம்பர் எந்தக் குழியில் இருக்கோ அதைத் தேர்ந்தெடுங்க. ரெண்டாவது சிம்தான் பேங்க் நம்பர், அதில் எஸ்எம்எஸ் பேலன்ஸ் இல்லை என்றால் ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும், காரணமும் சொல்லாது.

ரீசார்ஜ்: 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 13 முறை. ஒவ்வொரு கம்பெனியும் மாசா மாசம் அதே தேதியில் புதுப்பிக்கும் ஒரு பேக்காவது வைத்திருக்கணும் என்று டிராய் விதி இருக்கு, ஆப்பில் கீழே எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும். ரெண்டாவது சிம் வெறும் காலுக்குத்தான் என்றால், டேட்டா இல்லாத குரல் + எஸ்எம்எஸ் பேக் 2025 ஜனவரியிலிருந்து எல்லாரும் கொடுக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு முதல் சிம் சாகும் இடத்தில் ரெண்டாவதில் டேட்டா வேணும், அதனால் அதில் கொஞ்சம் டேட்டாவாவது இருக்கும் பேக்கைப் போடுங்க. மூன்றாம் ஆள் ஆப்பில் ரீசார்ஜ் பண்ணும்போது சர்க்கிள் என்ன காட்டுது என்று பாருங்க. சென்னை, தமிழ்நாடு, கர்நாடகா தனித்தனியாக வரும். வேற மாநில நம்பரை போர்ட் பண்ணியிருந்தால் பழைய சர்க்கிளையே காட்டும், பேக் ஏறாது, பணம் திரும்ப ரெண்டு நாள் ஆகும்.

ஆபீஸில் செலவு கேட்பவர் போஸ்ட்பெய்டு எடுத்துக் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைப் பில்லில் ஏற்றச் சொல்லுங்க. 18 சதவீத வரிக்கு அவர்களுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க வழி இருக்கு, அக்கவுண்ட்ஸ் ஆள் முகம் சுளிக்க மாட்டார்.

அரூர் டூ ஓசூர்

எல்லாருக்கும் நன்றிங்க. அடுத்த வாரம் ரெண்டு சிம்மோடு ரூட் முழுக்க எண் குறித்துவிட்டு வருகிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி: காட்டு ரோட்டில் நெட் இல்லாதபோது மேப்புக்கு என்ன வழி? ஆஃப்லைன் மேப் போட்டால் அட்டென்டன்ஸ் ஆப்புக்கும் லொகேஷன் கிடைக்குமா?

ராயக்கோட்டை தக்காளி

ரெண்டும் வேற வேற. ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். நெட் இல்லாதபோது முதல் தடவை இடம் பிடிக்க ஒன்றிரண்டு நிமிஷம் கூட ஆகும், ஷெட்டுக்குள் நின்றுகொண்டு காத்திருக்காதீங்க, வெளியே வாங்க. லொகேஷன் கிடைத்தாலும் அட்டென்டன்ஸ் ஆப் அதைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புமா, நெட் இல்லை என்று நிராகரிக்குமா என்பது உங்க ஆபீஸ் ஆப் எழுதியவர் கையில். ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு தடவை அழுத்திப் பாருங்க, தெரிந்துவிடும்.

மேப்புக்கு: வீட்டு வைஃபையில் கூகுள் மேப்பைத் திறந்து, வலது மேல் மூலையில் உங்க படத்தைத் தட்டி, ஆஃப்லைன் மேப்ஸ் போய், கட்டத்தை ஓசூரிலிருந்து அரூர் வரை இழுத்து டவுன்லோட் கொடுங்க. ஒரே கட்டத்தில் அடங்கலைன்னா ரெண்டாகப் பிரிச்சுக்கோங்க. இதுக்கும் காலாவதி உண்டு, அப்பப்போ அப்டேட் கொடுங்க. நெட் இல்லாதபோது பைக் மோட் வராது, கார் மோடில்தான் வழி காட்டும். அஞ்செட்டியில் ஆத்தோரக் குறுக்குப் பாதையை அது காட்டாது, சுற்றித்தான் விடும். அந்தப் பாதை மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கணும்.